கொல்லிமலைத் தொண்டர் ஜெஸ்ஸி பிராண்ட்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சிப் பிள்ளையார் சந்நிதியில் நின்று வடக்கே நோக்குவோர்க்கு முதலில் கண்ணிற்படுவது காவிரியும், அதனைத் தாண்டி 1987ஆம் ஆண்டில் நிறைவெய்திய திருவரங்கத்து இராசகோபுரமும் ஆகும். வானம் தெளிந்த நாளில் பார்வையைச் சற்று மேற்கே திருப்பினால், தொலைவில் நீலக்கோடு வரைந்தாற்போல் ஒரு மலைத்தொடர் தென்படும். அதுவே கொல்லிமலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை. கொல்லிப்பாவை உறைந்ததாகச் சங்கச் சான்றோர் போற்றிய மலை. அறப்பளீசுவரர் கோயில் கொண்ட மலை. அங்கு ஆகாய கங்கை அருவியாய் வீழும் ஐயாறு, புளியஞ்சோலை வழியாகத் துறையூர், முசிறிப் பகுதிகளில் பாய்ந்து, திருச்சிக்கு மேற்கே காவிரியோடு கலக்கின்றது. ஆகவே அரங்கனின் திருவடியைச் சூழ்ந்தோடும் நீரில் கொல்லிமலையின் பங்கும் உண்டு.

அம்மலையில் பதினாறு ஆண்டுகள் உழைத்து, அங்கேயே காய்ச்சலுக்கு இரையாகி, அம்மண்ணிலேயே அடக்கமாகியுள்ள ஓர் ஆங்கிலேயரின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவர் பெயர் ஜெஸ்ஸி பிராண்ட். தொழுநோயாளரின் கைகளுக்கு மீண்டும் உயிரூட்டிய அறுவை மருத்துவ மேதை டாக்டர் பால் பிராண்டின் தந்தை என்றால் பலருக்கும் எளிதில் விளங்கும். நாமக்கல் வட்டம் 1910ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணைந்திருந்தது. பிராண்ட் கொல்லிமலையில் வாழ்ந்த காலமும் அதுவே. எனவே அவரை நம் மாவட்டத்துப் பழைய மனிதருள் ஒருவராகக் கொள்வதில் தவறில்லை.

பிறப்பும் சமயப் பின்னணியும்

ஜெஸ்ஸி பிராண்ட் 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சர்ரே பகுதியைச் சேர்ந்த கில்ட்போர்டு நகரில் பிறந்தார். கட்டடத் தொழில் செய்த குடும்பம் அது. மரத்தை அறுக்கவும் கல்லை அடுக்கவும் இளமையிலேயே கைபழகியவர். அக்குடும்பம் கண்டிப்பான பாப்திஸ்து சபையைச் சார்ந்தது. அச்சபையாரின் கொள்கையை அறிந்துகொண்டாலன்றி இம்மனிதரை நாம் முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது.

திருச்சியில் கிறித்தவம் புதிதன்று. சுவார்ட்ஸ் ஐயர் 1766இல் எழுப்பிய கிறித்து ஆலயம் இன்றும் கோட்டைப் பகுதியில் நிற்கின்றது. கத்தோலிக்கரின் லூர்து மாதா ஆலயமும் லுத்தரன் சபையாரின் தரங்கைவாசமும் நாம் அன்றாடம் காண்பனவே. இச்சபையார் அனைவரும் குழந்தைக்கே ஞானஸ்நானம் அளிக்கும் வழக்கமுடையவர்கள். பாப்திஸ்துகள் இவ்விடத்தில் மாறுபடுகின்றனர். குழந்தை எதையும் அறியாது. அறியாத ஒன்றைக் குழந்தை எவ்வாறு நம்ப முடியும்? ஆகவே, விவரம் அறிந்த வயதில், தானே நம்பி, தானே வாய்திறந்து அறிக்கையிடுபவருக்கு மட்டுமே திருமுழுக்கு. அதுவும் நீரைத் தெளிப்பதன்று. நீரில் முழுவதும் மூழ்கி எழுதல். காவிரியில் மூழ்கி எழும் நம் மக்களுக்கு மூழ்குதல் என்பதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. பழைய வாழ்வு நீரில் அடங்கியது, புதிய மனிதன் கரையேறினான் என்பதே அவர்கள் காணும் குறிப்பு.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் ஹாலந்திலும் இவ்வியக்கம் தோன்றியது. அரசனின் சமயமே குடிகளின் சமயம் என்று இருந்த காலம் அது. மனச்சான்றின்மீது அரசனுக்கு அதிகாரமில்லை என 1612இல் நூலெழுதி வெளியிட்ட தாமஸ் ஹெல்விஸ் என்னும் பாப்திஸ்து தலைவர் சிறையில் மடிந்தார். வங்கத்திற்கு 1793இல் வந்து, சிராம்பூரில் அச்சகமும் கல்லூரியும் கண்ட வில்லியம் கேரியும் பாப்திஸ்தரே. நம் தமிழ் மாணவர்கள் நன்கறிந்த இரட்சணிய யாத்திரிகத்திற்கு மூலமான நூலை ஆக்கிய ஜான் பனியனும் இந்நெறியோடு தொடர்புடையவரே.

இவர்களுள் ஒரு சாரார் தம்மைக் கண்டிப்பான பாப்திஸ்துகள் என்று அழைத்துக்கொண்டனர். முழுக்குப் பெற்ற விசுவாசிகள் மட்டுமே திருவிருந்தில் கலந்துகொள்ளலாம் என்னும் கட்டுப்பாட்டால் வந்த பெயர் அது. வேதாகமம் ஒன்றே இறுதி அதிகாரம் உடையது என்பதும், ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆளவேண்டும் என்பதும் அவர்களுடைய பிற கொள்கைகள். இவற்றோடு, மனிதன் கடைத்தேறுவது அவனது முயற்சியாலன்று, கடவுள் முன்னரே தெரிந்தெடுத்து அருளும் கிருபையாலேயே என்பதை அழுத்தமாகக் கூறுவர்.

இந்தக் கடைசிக் கருத்து திருவரங்கத்தார் செவிக்கு முற்றிலும் புதிதாக இராது. தாயைக் குட்டி பற்றிக்கொள்ளும் குரங்கின் நியாயமா, குட்டியைத் தாயே கவ்விச் செல்லும் பூனையின் நியாயமா என்று வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்ட வீதிகள் அல்லவா அவை! பிள்ளை லோகாசாரியர் வாழ்ந்த மண் அல்லவா அது! கண்டிப்பான பாப்திஸ்துகள் பூனைக்குட்டியின் பக்கத்தில் நிற்பவர்கள் எனலாம். ஆயினும் கடவுளால் தெரிந்தெடுக்கப்பட்டவர் சிலரே என்று அவர்கள் கொள்வதை வைணவர் ஏற்கமாட்டார். இரண்டும் ஒன்றென்று சொல்வது நம் கருத்தன்று. அருள் என்னும் ஒரே வினாவை இரு வேறு நாட்டினர் எத்துணை ஆழமாக எண்ணியிருக்கின்றனர் என்பதைக் காட்டுவதே நோக்கம்.

தமிழகம் வருதல்

இச்சபையார் 1861ஆம் ஆண்டில் தோற்றுவித்த மிஷன் சங்கம் தமிழகத்தில் பணியாற்றி வந்தது. இலண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு மருத்துவப் பயிற்சி பெற்ற ஜெஸ்ஸி பிராண்ட், 1907ஆம் ஆண்டில் அச்சங்கத்தின் ஊழியராக இங்கு வந்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ இருபத்திரண்டு வயது. கொல்லிமலையின் அடிவாரத்திலுள்ள சேந்தமங்கலத்தில் இருந்து தமிழ் பயின்று பணி செய்தார். மலையிலிருந்து இறங்கிவரும் மக்களை அங்குதான் முதலில் கண்டார்.

மலையாளிகள் என்று அழைக்கப்படும் அம்மக்கள் தமிழே பேசுபவர்கள். சாமை, வரகு, கேழ்வரகு விளைவித்தும், பலாவும் வாழையும் தேனும் கொண்டும் வாழ்ந்தனர். மலைக்குச் சாலை இல்லை. இன்று எழுபது கொண்டையூசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. அன்று கால்நடையாக ஏறவேண்டும், அல்லது டோலியில் சுமந்து செல்லவேண்டும். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மனிதர் அங்கு இரவு தங்க மறுத்தனர். மருத்துவரும் இல்லை, பள்ளியும் இல்லை. அம்மலையில் குடியேறுவதென இளைஞர் முடிவு செய்தார்.

இலண்டனில் செல்வக் குடும்பத்தில் 1879இல் பிறந்த எவலின் ஹாரிஸ் என்னும் பெண்மணி, ஓவியக் கலையில் தேர்ந்தவர். வசதியான வாழ்வை விட்டுச் சென்னைக்கு ஊழியம் செய்ய வந்திருந்தார். அவரை 1913 ஆகஸ்டில் ஜெஸ்ஸி மணந்தார். மணம் முடிந்த அன்றே, கொட்டும் மழையில் நனைந்தபடி, மணமக்கள் மலையேறினர்.

அவர்கள் குடியேறிய இல்லம் ஜெஸ்ஸியின் கைவண்ணம். சமவெளியில் மரங்களை அளந்து அறுத்துத் தயார் செய்து, ஆட்களின் தலைச்சுமையாய் மேலே கொண்டு சென்று பூட்டிய வீடு அது. கரையான் ஏறாதவாறு தூண்களின்மீது உயர்த்தி அமைத்திருந்தார். மகன் பால் 1914 ஜூலையிலும், மகள் கானி 1917இலும் பிறந்தனர்.

மலைமேல் ஆற்றிய பணி

ஓராண்டு மட்டுமே மருத்துவம் பயின்ற அவர் அம்மலைக்கு மருத்துவராகவும், பல் பிடுங்குபவராகவும், கட்டு கட்டுபவராகவும் ஆனார். அந்நாளில் நரம்புச் சிலந்தி நோய் மலைமக்களை வாட்டியது. மக்கள் காலோடு இறங்கி நீர் மொள்ளும் கிணறுகளே அதன் பிறப்பிடம். நோயாளியின் காலிலுள்ள புண் நீரில் பட்டதும் புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். அவற்றை நுண்ணிய நீர்ப்பூச்சிகள் விழுங்கும். அந்நீரைப் பருகுவோர் உடலில் புழு வளர்ந்து, ஓராண்டு கழித்துக் காலைத் துளைத்து வெளிவரும். அப்புழுவை அறுந்துபோகாமல் ஒரு குச்சியில் சிறிது சிறிதாகச் சுற்றி நாட்கணக்கில் வெளியே எடுக்கவேண்டும். பிராண்ட் அதைப் பொறுமையாகச் செய்தார். அத்தோடு நில்லாமல், கிணற்றில் இறங்காதபடி சுற்றுச்சுவர் எழுப்பவும், குடிநீரைத் துணியால் வடிகட்டவும் ஊர்தோறும் கற்பித்தார். இந்தியாவிலிருந்து அந்நோய் ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டில் சான்றளித்தபோது, அவ்வெற்றிக்குக் கைகொடுத்தவை இத்தகைய எளிய வழிகளே.

ஒருநாள் தொழுநோயாளர் மூவர் அவர் வீட்டு வாயிலுக்கு வந்தனர். குழந்தைகளை அப்பால் நிற்கச் செய்துவிட்டு, கையுறை அணிந்துகொண்டு, அவர்தம் கால்களைக் கழுவி, புண்களுக்கு மருந்திட்டுக் கட்டினார். வழக்கமாக எந்த நோயாளியிடமும் அஞ்சாத தந்தை அன்று கையுறை அணிந்ததைச் சிறுவன் பால் வியப்போடு பார்த்திருந்தான். அக்காட்சி அவன் நெஞ்சைவிட்டு என்றும் அகலவில்லை.

வேதத்தை ஒவ்வொருவரும் தாமே படித்தறிய வேண்டும் என்பது பாப்திஸ்துகளின் உறுதி. தமிழில் வேதாகமம் முன்னரே இருந்தது. சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அதன்பின் பல திருத்தங்களும் வந்தன. ஆனால் மலையில் எழுத்தறிந்தவர் இல்லை. நூல் இருந்தும் படிப்பார் இல்லையெனில் பயன் என்ன? ஆகவே பள்ளிகள் தோன்றின. அவரவர் கையால் உழைத்து வாழவேண்டும் என்று கருதி, தச்சும் பிற கைத்தொழில்களும் கற்பித்தார். பட்டுப்பூச்சி வளர்க்க முசுக்கொட்டை பயிரிட்டார். ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு வழிகாட்டினார். நிலவரியாலும் வட்டிக்கடையாலும் மலைமக்கள் நசுங்குவதைக் கண்டு, அரசு அதிகாரிகளிடம் அவர்களுக்காக வாதாடினார். வெள்ளையர் ஆட்சியில், ஒரு வெள்ளையரே எழுதப் படிக்கத் தெரியாத குடிகளின் பக்கம் நின்று வழக்குரைத்தது குறிப்பிடத்தக்கதாகும்.

சோதனைக் காலம்

இத்தனை தொண்டுக்குப் பின்னும் அவர் எதிர்பார்த்த ஒன்று நிகழவில்லை. ஆண்டுகள் பல கடந்தும் மலைமக்களுள் எவரும் அவர் சமயத்தை ஏற்க முன்வரவில்லை. மருந்துக்கு வந்தனர், நன்றியோடு சென்றனர், அவ்வளவே. சாதிக் கட்டுப்பாடு வலிமையானது. விலகியவனுக்கு நெருப்பும் நீரும் இல்லை என்னும் நிலை. உள்ளூர்க் கோயிற் பூசாரியும் அவரைக் கடுமையாக எதிர்த்தார். பூசாரியின் பக்கமிருந்து நோக்கினால் அது இயல்பே. முன்னோர் வழிபட்ட தெய்வத்தையும், தம் குடும்பத்தின் உரிமையையும் காக்கவே அவர் போராடினார்.

இங்கேதான் பிராண்டின் கொள்கைக் கண்டிப்பு சோதனைக்குள்ளாயிற்று. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளித்து எண்ணிக்கை காட்ட அவர் கொள்கை இடம் தரவில்லை. கூட்டங்கூட்டமாகச் சேர்த்துக்கொண்டு பின்னர் போதிக்கலாம் என்பதற்கும் இடமில்லை. மருந்தையும் அரிசியையும் காட்டி அழைப்பது அவர் கருதிய நம்பிக்கைக்கே முரண். ஒருவரது உள்ளத்தைத் திருப்புவது கடவுளின் செயல். மனிதன் விலைபேசி வாங்கக்கூடிய பொருளன்று. ஆகவே நம்பாதவருக்கும் அதே மருந்து, அதே கட்டு, அதே பள்ளி என்று தொடர்ந்தார்.

உலகையே உலுக்கிய நச்சுக்காய்ச்சல் 1918, 1919ஆம் ஆண்டுகளில் கொல்லிமலையையும் தாக்கியது. நோய்ப்பட்டவர்களை விட்டு உறவினரே அஞ்சி ஓடினர். பிராண்ட் தம்பதியர் அரிசிக் கஞ்சியைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, படுத்தவர் வாயில் ஊற்றினர். பூசாரியின் வீட்டையும் நோய் விட்டுவைக்கவில்லை. அவரை நாடி வந்தவர் எவருமிலர். அவர் எதிர்த்த அந்நியரே வந்தனர். சாகும் தறுவாயில் அப்பூசாரி தம் பச்சிளங் குழந்தையைப் பிராண்ட் தம்பதியரிடமே ஒப்படைத்தார். ரூத் எனப் பெயரிட்டு அக்குழந்தையை அவர்கள் தம் மகளாகவே வளர்த்தனர். அதன்பின்னர் மலைமக்களின் உள்ளம் அவர்பால் திரும்பியது. சிறிது சிறிதாக ஒரு சபை உருவாயிற்று. வாழவந்தியில் சிற்றாலயமும் எழுந்தது.

பிரிவும் மறைவும்

குடும்பத்தோடு 1923இல் தாய்நாடு சென்ற பிராண்ட், அடுத்த ஆண்டு மனைவியோடு மட்டும் மலைக்குத் திரும்பினார். பிள்ளைகள் கல்வியின் பொருட்டு இலண்டனில் உறவினர் வீட்டில் விடப்பட்டனர். பாலுக்கு அப்போது வயது ஒன்பது, கானிக்கு ஆறு. அக்கால ஊழியர் குடும்பங்களில் இஃது இயல்பெனக் கருதப்பட்டது. ஆயினும் ஒரு தாயும் தந்தையும் தம் மக்களைக் கடலுக்கப்பால் விட்டுவிட்டுப் பிறர் மக்களைப் பேண வந்தனர் என்பதை நினைக்கையில் நெஞ்சம் கனக்கத்தான் செய்கிறது. இத்தியாகத்தின் சுமையில் ஒரு பங்கை, கேளாமலே, அக்குழந்தைகளும் சுமந்தனர் என்பதை மறைக்கலாகாது.

தந்தை மகனுக்குக் கடிதங்கள் எழுதி வந்தார். மலையின் மரங்களையும் பறவைகளையும் பற்றிய கடிதங்கள் அவை. மலைக்காய்ச்சல் முற்றிய நிலையில் வரும் கருநீர்க் காய்ச்சல் 1929இல் அவரைப் பற்றியது. அவ்வாண்டு ஜூன் 15ஆம் நாள் ஜெஸ்ஸி பிராண்ட் மறைந்தார். நாற்பத்தைந்து வயதுகூட நிறையவில்லை. மறைவுச் செய்தி தந்தியில் உடனே இலண்டன் சென்றது. ஆனால் கப்பலில் வந்துகொண்டிருந்த அவருடைய கடிதங்கள் அதன் பின்னரும் ஒன்றன்பின் ஒன்றாக மகன் கைக்கு வந்துசேர்ந்தன. இறந்த தந்தையிடமிருந்து வந்த அக்கடிதங்களைப் பதினான்கு வயதுச் சிறுவன் எவ்வாறு படித்திருப்பான் என்பதை எண்ணிப் பார்ப்போர் கண் கலங்காதிரார்.

விட்டுச்சென்ற விளக்கு

கணவரை இழந்த எவலின் அம்மையார் தாய்நாடு சென்று, சிறிது காலத்தில் மீண்டும் தமிழகம் வந்தார். ஓய்வு பெறும் வயதைக் கடந்தபோது, மிஷன் சங்கம் அவரை மலைக்கு அனுப்ப இசையவில்லை. எழுபதை நெருங்கிய அவ்வம்மையார் சங்கத்தின் பணியிலிருந்து விலகி, தம் விருப்பப்படியே மலையேறினார். கொல்லிமலையோடு நில்லாமல், துறையூரை அடுத்த பச்சைமலை, அப்பாலுள்ள கல்வராயன்மலை ஆகியவற்றிலும் குதிரைமீதேறியும், இரு மூங்கில் கோல்களை ஊன்றியும் ஊர் ஊராகச் சென்றார். பாட்டி பிராண்ட் என்றே உலகம் அவரை அறிந்தது. 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்த அவரும் வாழவந்தியில் கணவரின் கல்லறைக்கருகே அடக்கம் செய்யப்பெற்றார்.

மகன் பால், தந்தையைப் போலவே முதலில் கட்டடத் தொழில் பயின்றார். பின்னர் மருத்துவம் கற்று, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். அவர்களின் விரல்கள் அழிவது பெரும்பாலும் வலியுணர்வு இழந்ததால் நேரும் காயங்களாலேயே என்று மெய்ப்பித்தார். தச்சுக்கூடத்தில் பழகிய கை அறுவைக்கூடத்தில் பயன்பட்டது. மலைவீட்டு வாயிலில் தந்தை கட்டிய கட்டுகள் மகன் கையில் முழுமை பெற்றன என்றால் அது மிகையாகாது.

நாம் கற்க வேண்டுவது

மாணவ நண்பர்களே! கொள்கையில் கண்டிப்பானவர் உள்ளத்தில் குறுகியவராகவே இருப்பார் என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். எல்லாக் கொள்கையையும் தளர்த்திக்கொண்டவரே பரந்த மனத்தினர் என்றும் எண்ணுகிறோம். ஜெஸ்ஸி பிராண்டின் வாழ்வு இவ்விரண்டையும் மறுக்கிறது. அவருடைய சமயக் கருத்துகளை நாம் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். மலைமக்களின் வழிபாட்டைப் பற்றி அவர் கொண்டிருந்த எண்ணத்தோடு நம்மில் பலர் உடன்படமாட்டோம். ஆனால், தம் கொள்கையில் ஓர் அணுவும் தளராத அவர், அக்கொள்கையை ஏற்க மறுத்தவர்களின் புண்ணைக் கழுவுவதிலும் ஓர் அணுவும் தளரவில்லை. நம்பிக்கை வாங்கவோ விற்கவோ முடியாதது என்னும் அந்தக் கண்டிப்பே, அவர் தொண்டைப் பேரமாக்காமல் காத்தது. தம்மை எதிர்த்தவர் வீட்டிற்குக் கஞ்சிக் கலயத்தோடு சென்ற கால்கள், தம் சபையின் விதியைச் சற்றும் மீறாத மனிதரின் கால்களே.

அம்மலைக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டுவோர், அருவியில் நீராடி, அறப்பளீசுவரரை வழிபட்டுத் திரும்புகையில், வாழவந்திக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். பிறர் வாழ வந்தவர் இருவர் அங்கே துயில்கின்றனர்.